இடது கை

ஹெலிகாப்டர் கற்க வருகிறவர்களின் கவனம் முழுவதும் வலது கையில்தான் இருக்கும். சைக்ளிக் என்ற கோலை வலது கை பிடித்திருக்கிறது. அதை முன்னே தள்ளினால் முன்னே போகலாம், பக்கவாட்டில் சாய்த்தால் பக்கவாட்டில் போகலாம், பின்னால் இழுத்தால் பின்னோக்கியும் போகலாம். பறப்பதென்றால் அதுதான் என்று தோன்றும். இருக்கைக்கு இடப்புறம் தாழ்வாக இன்னொரு நெம்புகோல் உண்டு. பெயர் கலெக்டிவ். தூக்கினால் எல்லா பிளேடுகளின் கோணமும் ஒன்றாகக் கூடி ஹெலிகாப்டர் எழும், இறக்கினால் தாழும். அதன் கைப்பிடியைத் திருகினால், இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். பல ஆண்டுகள் மாணவனாகவும் பிறகு பயிற்றுநராகவும் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: லைசென்ஸ் என்பது பெரும்பாலும் அந்த இடது கைக்குத் தரப்படுவதுதான். கலெக்டிவைத் தூக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்போது இறக்குவது, எத்தனை விரைவாக இறக்குவது என்பதற்காகத்தான் அவ்வளவு பயிற்சியும், அவ்வளவு செலவும்.

நான் கற்றது கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தெற்கே உள்ள டாரன்ஸ் விமான நிலையத்தில். ஒலிம்பிக் ஓட்டக்காரரும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு மீண்டவருமான லூயி சாம்பெரினியின் பெயர் அந்த நிலையத்துக்கு. தெற்கே பாலோஸ் வெர்டெஸ் குன்றுகள், மேற்கே பசிபிக் கடல், வடக்கே பெரிய விமானங்கள் ஓயாமல் இறங்கும் சர்வதேச நிலையம். ராபின்சன் ஹெலிகாப்டர் தொழிற்சாலையும் டாரன்ஸ் நிலையத்திலேயே இருக்கிறது. உலகெங்கும் மாணவர்கள் கற்கிற ஆர்-22 பிறக்கும் இடம் அது. நாங்கள் ஒரு மூலையில் ஒரே இடத்தில் மிதந்து நிற்கும் ஹோவர் பழகிக்கொண்டிருக்கும்போது, கட்டி முடித்த புது ஹெலிகாப்டர்கள் சோதனைக்காகக் கிளம்பிப் போகும்.

ஃபிராங்க் ராபின்சன் பல விமான நிறுவனங்களில் பொறியாளராக இருந்தவர். தனிமனிதர் வாங்கி ஓட்டக்கூடிய சிறிய ஹெலிகாப்டர் வேண்டும் என்ற அவருடைய எண்ணத்துக்கு அந்த நிறுவனங்களில் ஆதரவு கிடைக்கவில்லை. 1973-இல் வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டிலேயே கம்பெனியைத் தொடங்கினார். 1975-இல் முதல் ஆர்-22 பறந்தது. 1979-இல் அரசின் சான்று கிடைத்தது. இரண்டு இருக்கை, இரண்டு பிளேடு, நான்கு சிலிண்டர் லைகமிங் இன்ஜின். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து சுமார் 620 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. சொந்தமாக வைத்துக்கொள்ளப் போகிறவர்களை நினைத்து அவர் செய்ததை, ஓட்டுகிற செலவு குறைவு என்பதால் பயிற்சிப் பள்ளிகள் வாங்கிக்கொண்டன.

அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. எல்லாவற்றையும் போல ரோட்டரும் லேசானது. கனமான ரோட்டர் இன்ஜின் நின்ற பிறகும் சிறிது நேரம் தன் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆர்-22இன் ரோட்டரில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. இன்ஜின் நின்ற கணத்தில் கலெக்டிவ் உயரத்தில் இருந்தால், அதை இறக்க உங்களுக்கு இருப்பது ஏறக்குறைய ஒரு நொடி.

ஆனால் முதல் வாரங்களில் இது எதுவும் மண்டையில் ஏறாது. ஹோவர்தான் உலகம். தரைக்கு ஐந்தடி மேலே, ஒரே இடத்தில், அசையாமல் நிற்பது. என் பயிற்றுநர் அளந்து பேசும் பெண்மணி. முதலில் மூக்கைத் திருப்பும் கால் பெடல்களை மட்டும் என்னிடம் கொடுத்தார். மூக்கு அதோ அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி இருக்கட்டும், மற்றது என் பொறுப்பு என்றார். அடுத்து கலெக்டிவ். கடைசியாக சைக்ளிக். ஒவ்வொன்றாக வந்தபோது எளிதாக இருந்தது. மூன்றும் சேர்ந்தபோது ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கலைந்தன. கலெக்டிவைத் தூக்கினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், அதற்கு இடது பெடல். இடது பெடலை அழுத்தினால் வால் ரோட்டர் அதிக சக்தியை எடுத்துக்கொண்டு, முழு ஹெலிகாப்டரையும் வலப்பக்கம் தள்ளும், அதற்கு சைக்ளிக் கொஞ்சம் இடது. சைக்ளிக்கைச் சாய்த்தால் உயரம் குறையும், அதற்கு மறுபடி கலெக்டிவ். ஹோவரில் நிற்கும் ஹெலிகாப்டரைக் கூர்ந்து பார்த்தால் இடது பக்கத்துச் சறுக்குக்கால் சற்றுத் தாழ்ந்திருக்கும். வால் ரோட்டர் தள்ளுவதற்கு ஈடுகொடுக்கும் சாய்வு அது. இது அமெரிக்க ஹெலிகாப்டரின் கணக்கு. பிரெஞ்சு வடிவமைப்பில் வந்த நம்முடைய சேத்தக்கில் ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றும். அங்கே கலெக்டிவைத் தூக்கினால் வலது பெடல். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளியில் இருக்கும் கடற்படையின் ஹெலிகாப்டர் பள்ளியில் சேத்தக்கில் கற்றவர் ஆர்-22க்கு வந்தால், கால்கள் இரண்டும் இன்னொரு முறை பள்ளிக்கூடம் போக வேண்டும்.

ஹோவர் வருவதற்கு இரண்டு விஷயங்கள் உதவின. ஒன்று, பார்வை. மூக்குக்கு முன்னால் உள்ள தரையைப் பார்த்தால் ஒவ்வொரு அசைவும் பெரிதாகத் தெரிந்து கை பதறும். தொலைவில், ஓடுபாதையின் மறுகோடியில் பார்வையை வைத்தால் அசைவு தொடங்கும்போதே தெரியும், திருத்தமும் சிறிதாகவே போதும். இன்னொன்று, முன்கையைத் தொடையில் வைத்து, விரல்களில் அழுத்தத்தை மட்டும் கொடுப்பது. கோல் நகர்ந்தது வெளியில் தெரியவே கூடாது. ஒருநாள் காலையில், எதையும் புதிதாகச் செய்யாமலேயே, ஹெலிகாப்டர் நின்றது. அதன் பிறகு அது மறக்கவில்லை.

ஹோவர் வந்ததும்தான் பயிற்சி தொடங்குகிறது என்று என் பயிற்றுநர் சொன்னார். அவர் சொன்னது ஆட்டோரொட்டேஷனை, இன்ஜின் இல்லாமல் இறங்குவதை.

இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லாக விழும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். விழாது. மகோகனி மரத்தின் விதை சுழன்று சுழன்று இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு எந்த இன்ஜினும் இல்லை. கீழிருந்து மேலாக வருகிற காற்றே அதைச் சுற்றுகிறது. கலெக்டிவை முழுதாக இறக்கி பிளேடுகளின் கோணத்தைக் குறைத்துவிட்டால், ஹெலிகாப்டர் இறங்கும்போது கீழிருந்து வரும் காற்று ரோட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்பெயின்காரரான ஹுவான் தெ லா சியெர்வா 1923-இலேயே இந்தத் தத்துவத்தில் ஆட்டோஜைரோவைப் பறக்கவிட்டார். இகோர் சிகோர்ஸ்கியின் வி.எஸ்.-300 ஹெலிகாப்டர் கயிற்றில் கட்டப்பட்டபடி தரையை விட்டு எழுந்ததே 1939-இல்தான். இன்ஜின் இல்லாமல் சுற்றும் ரோட்டரை மனிதன் முதலில் புரிந்துகொண்டான், பிறகுதான் இன்றைய வடிவ ஹெலிகாப்டரைக் கட்டினான் என்பது எனக்கு எப்போதும் பெரிய ஆறுதல்.

சிக்கல் நம் உடலில் இருக்கிறது. கீழே போகிறோம் என்று உடம்புக்குத் தெரிந்ததும் இடது கை கலெக்டிவை மேலே இழுக்கத் துடிக்கும். இழுத்தால் பிளேடின் கோணம் கூடும், காற்றின் தடை கூடும், ரோட்டர் வேகம் இழக்கும். ஆர்-22இல் ரோட்டரின் நூறு சதவீதம் என்பது நிமிடத்துக்கு 510 சுற்று. 97 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை ஹார்ன் அலறும். 80 சதவீதத்தை நெருங்கும்போது பிளேடுகள் காற்றைப் பிடிக்கும் திறனையே இழக்கத் தொடங்கும். மேலே போகப் போக அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வரும். அதைத் தாண்டிவிட்டால் மீட்பு கிடையாது. வேறு எந்தத் தவறுக்கும் வானத்தில் கொஞ்சம் அவகாசம் உண்டு, இதற்கு இல்லை. அதனால்தான் பழக்கத்தைக் கையிலேயே எழுத வேண்டியிருக்கிறது. மூளையிடம் கேட்டுவிட்டு வர நேரமில்லை.

பயிற்சி இப்படி நடக்கும். ஓடுபாதைக்கு மேலே வரும்போது பயிற்றுநர் எண்ணிச் சொல்லிவிட்டு த்ராட்டிலைத் திருகி மூடுவார். கலெக்டிவ் கீழே, வலது பெடல், சைக்ளிக் சற்றுப் பின்னால். மூன்றும் ஒரே அசைவாக. வேகம் 65 நாட். ரோட்டர் வேகம் மிகாமலும் குறையாமலும் கலெக்டிவை இம்மி அளவில் ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும். தரை வேகமாக மேலே வரும். சுமார் 40 அடியில் சைக்ளிக்கைப் பின்னே இழுத்து மூக்கைத் தூக்கினால் முன்வேகமும் இறக்கமும் குறைந்து, ரோட்டரில் வேகம் கூடிச் சேரும். எட்டடி அளவில் ஹெலிகாப்டரை மட்டமாக்கி, சேர்த்து வைத்த அந்த வேகத்தை, இப்போதுதான், கலெக்டிவைத் தூக்கிச் செலவழிக்க வேண்டும். அந்தச் சேமிப்பு ஒரே ஒரு முறைக்குத்தான் வரும். பயிற்சியில் பெரும்பாலும் தரையைத் தொடாமல், கடைசியில் த்ராட்டிலைத் திறந்து ஹோவரில் முடித்துக்கொள்வோம்.

சில வாரங்கள் கழித்து எண்ணுவதை நிறுத்திவிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே, வெளியே ஏதோ கப்பலைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே த்ராட்டில் குறையும். அப்போது என் இடது கை எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் அவர் பார்த்தார்.

இதிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கற்பதுதான் இன்னும் நுட்பமானது. இரண்டு மூன்றடி உயரத்தில் ஹோவரில் நிற்கும்போது இன்ஜின் நின்றால் கலெக்டிவை இறக்கவே கூடாது. இறக்கினால் தரையில் மோதும். வலது பெடலால் மூக்கைப் பிடித்து, தானாகத் தாழவிட்டு, தொடுவதற்கு முன் மெதுவாகத் தூக்க வேண்டும். எட்டடிக்குக் கீழே ஒரு சட்டம், மேலே வேறொரு சட்டம். எந்த உயரத்தில் இருக்கிறோம் என்பதைக் கையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆர்-22க்கும் ராபின்சனின் ஆர்-44க்கும் அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ 1995-இல் தனி விதி கொண்டுவந்தது. அதற்கு முன் நடந்த விபத்துகளின் கணக்கு அப்படி. வேறு ஹெலிகாப்டர் அனுபவமே இல்லாத மாணவர் குறைந்தது 20 மணி நேரம் பயிற்றுநருடன் ஆர்-22இல் பறந்த பிறகே தனியாகப் போகலாம். ரோட்டர் வேகம் குறைவது, எடையற்ற நிலை போன்ற ஆபத்துகளைப் பற்றித் தனிப் பாடம் கட்டாயம். எடையற்ற நிலை என்பது சைக்ளிக்கைத் திடீரென முன்னே தள்ளும்போது வருவது. உடம்பு இருக்கையிலிருந்து எழும்புவது போலிருக்கும் அந்த நொடியில் ரோட்டருக்கு உடலை ஆளும் பிடி போய்விடும். ஆனால் வால் ரோட்டர் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஹெலிகாப்டர் வலப்பக்கம் உருளும். கை தானாக இடப்பக்கம் சாய்க்கும். ரோட்டரின் அடிப்பகுதி தண்டில் இடித்து அதை அறுத்துவிடக்கூடிய அசைவு அது. முதலில் சைக்ளிக்கை மென்மையாகப் பின்னே இழுத்து எடையைத் திரும்ப வாங்கிய பிறகே உருளலைத் திருத்த வேண்டும். இதை வகுப்பில், தரையில் அமர்ந்து, வரைபடம் போட்டுப் படித்தோம். வானில் செய்து காட்ட வேண்டியதல்ல.

தனியாகப் பறந்ததைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அழகான அனுபவம்தான். பக்கத்து இருக்கையின் எடை போனதால் ஹெலிகாப்டர் நிற்கும் சாய்வே வேறாக இருந்தது. கலெக்டிவைத் தொட்டதும் எழுந்தது. மூன்று சுற்றுப் போய்விட்டுத் திரும்பினேன். அதைவிட ஆழமாக மனதில் நிற்பவை வானிலைக்காகப் பறக்காமல் இருந்த காலைகள்.

தெற்குக் கலிபோர்னியாவின் கரையோரத்தில் மே, ஜூன் மாதக் காலைகளில் கடலிலிருந்து தாழ்ந்த மேகம் வந்து குன்றுகள்வரை மூடிக்கொள்ளும். மதியத்துக்குள் கலைந்துவிடும். அந்த ஈரக் காற்றில் வெளியே குளிரே இல்லாதபோதும் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். ஆர்-22இல் கவர்னர் என்ற கருவி த்ராட்டிலைத் தானே திறந்து வேகத்தைச் சமன் செய்வதால், சக்தி குறைவது நமக்குத் தெரியாமலேயே போகலாம். சக்தியைக் குறைத்து இறங்கும் ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரைச் சூடாக்கும் கார்ப் ஹீட்டை முழுதாக இழுக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

மேகம் அதைவிடப் பெரிய பாடம். 2020 ஜனவரி 26 அன்று கலபாசஸ் குன்றுகளில் சிகோர்ஸ்கி எஸ்-76பி மோதி, கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவருடைய மகள் ஜியானா உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். இரண்டு இன்ஜின்களும் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி போன பைலட் மேகத்துக்குள் நுழைந்து, மேல் எது, கீழ் எது என்ற உணர்வை இழந்துவிட்டார் என்று விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. அவர் அனுபவம் மிகுந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பறக்கும் எங்கள் எல்லோருக்கும் அந்த வழி தெரியும்; நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு மலை இடுக்கில் போகும் வழி. ஹெலிகாப்டருக்கு மட்டுமே உள்ள ஒரு வசதியை அன்றிலிருந்து ஒவ்வொரு மாணவரிடமும் முதல் வகுப்பிலேயே சொல்கிறேன். விமானத்துக்கு ஓடுபாதை வேண்டும். நமக்கு ஒரு பள்ளி மைதானம் போதும். மேகம் தாழ்கிறதா, கலெக்டிவை இறக்கு, மைதானத்தில் உட்கார், அழைத்துச் செல்ல வண்டி அனுப்பச் சொல். இதற்கும் அதே இடது கைதான்.

அந்தக் கோணத்தில் பார்க்கத் தொடங்கியபோது மற்றப் பாடங்களும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. வேகமில்லாமல் செங்குத்தாக இறங்கும்போது ஹெலிகாப்டர் தன் காற்றிலேயே சிக்கி மூழ்கும். கலெக்டிவை இழுத்தால் இன்னும் ஆழமாக மூழ்கும். சறுக்குக்கால் தரையில் மாட்டி ஒரு பக்கம் புரளத் தொடங்கினால் சைக்ளிக் காப்பாற்றாது, கலெக்டிவை நிதானமாக இறக்குவதே காப்பாற்றும். 6,752 அடி உயரத்தில் இருக்கும் பிக் பேர் விமான நிலையத்துக்குக் கோடை மதியத்தில் போனால் மெல்லிய சூடான காற்றில் இன்ஜினுக்கு மூச்சு போதாது. அங்கே கூடுதலாகத் தூக்கினால் ரோட்டர் வேகம் சரியும், ஹார்ன் அலறும், அப்போதும் த்ராட்டிலைத் திறந்துகொண்டே கொஞ்சம் இறக்க வேண்டும்.

தனியார் பைலட் லைசென்ஸுக்குச் சட்டம் கேட்பது 40 மணி நேரம்; அதில் 20 பயிற்றுநருடன், 10 தனியாக. பெரும்பாலானவர்களுக்கு அறுபது, எழுபது மணி நேரமாவது ஆகிவிடுகிறது. எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள், தேற 70 சதவீதம். கடைசியில் தேர்வாளர் ஒருவர் மேசையில் அமர்ந்து வாய்மொழியாகக் கேட்டுவிட்டு, பிறகு கூடவே பறப்பார். என் தேர்வாளர் வயதானவர், கனிவானவர். நகரத்துக்கு மேலே போகும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்விதான்: இப்போது நின்றால் எங்கே இறங்குவாய்? கோல்ஃப் மைதானம், காலியான வாகன நிறுத்தம், கான்கிரீட் போட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றின் வறண்ட படுகை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்தக் கேள்வியை இன்றுவரை நானே எனக்குள் கேட்டுக்கொண்டுதான் பறக்கிறேன். இறங்கியதும் ஒரு வெள்ளைத் தாளில் தற்காலிகச் சான்று எழுதிக் கொடுத்தார். அசல் அட்டை பிறகு தபாலில் வந்தது. அதில் ரைட் சகோதரர்களின் படம் இருக்கிறது.

வணிக லைசென்ஸுக்கு 150 மணி நேரம். ஆர்-22இல் கற்றுக்கொடுக்க ஹெலிகாப்டரில் 200 மணி நேரம், அதில் 50 ஆர்-22இல். அந்த இடைவெளியைப் பணம் கட்டித்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது, மணிக்கு 350 டாலருக்கும் மேல். பலருடைய கனவு நிற்கிற இடம் அதுதான். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு தம்பி, கைரேகை கொடுத்து, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதிக்குக் காத்திருந்து, ஒருவழியாக வகுப்பில் உட்கார்ந்தவன், இரண்டாவது வாரத்தில் கேட்டான்.

"அண்ணா, இதை முடிச்சிட்டு ஊருக்குப் போனா வேலை கெடைக்குமாண்ணா?"

"ஒடனே கெடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதே. அங்க ஹெலிகாப்டர் ஓட்டுறவங்க பெரும்பாலும் ராணுவத்துலயும் விமானப் படையிலயும் இருந்து வந்தவங்க. ஆயிரக்கணக்கான மணி நேரம் கையில வச்சிருக்காங்க. உன் லைசென்ஸை நம்ம ஊர் விமானத் துறை டிஜிசிஏகிட்ட மாத்தணும், பரீட்சை எழுதணும், அதுக்கப்புறம்தான் மத்தது."

"வீட்ல நெலத்தை அடமானம் வச்சிருக்காங்கண்ணா."

அன்று நாங்கள் பறக்கவில்லை. வெள்ளைப் பலகையில் செலவையும், ஆகும் காலத்தையும், மும்பையின் ஜுஹுவிலிருந்து கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் பணிக்கு எவ்வளவு அனுபவம் கேட்கிறார்கள் என்பதையும் எழுதி, அவன் அப்பாவிடம் போனில் பேசினேன். இது எல்லாப் பள்ளிகளும் சேர்க்கைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. நிலத்தை வைத்து வருகிற பிள்ளைக்கு, ஒரு மணி நேரம் பறக்கவிடுவதற்கு முன்னால், இந்தக் கணக்கைத் திறந்து காட்டாமல் விடுவது பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன். அவன் தனியார் லைசென்ஸோடு நிறுத்திக்கொண்டு, ஹெலிகாப்டர் பராமரிப்புப் படிப்புக்கு மாறினான். நல்ல கை அவனுக்கு; ஆட்டோரொட்டேஷனில் அவன் கலெக்டிவை இறக்கும் விதத்தைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

லைசென்ஸ் வைத்திருப்பவர் 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநருடன் பறந்து காட்ட வேண்டும் என்பது எஃப்ஏஏ விதி. அனுபவம் குறைந்தவர்களுக்கு ஆர்-22இல் அது 12 மாதம்; அந்த இடைவெளியும் மிக நீளம். வார இறுதியில் மட்டும் பறக்கிறவர்கள் வந்து த்ராட்டிலை மூடச் சொல்லும்போது கவனித்திருக்கிறேன், சில மாதங்களிலேயே இடது கை தயங்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் என்னிடம் கற்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள், ஒரு மணி நேரம் போதும், வேறு எங்கும் போக வேண்டாம், ஓடுபாதைக்கு மேலேயே சுற்றிச் சுற்றி ஆட்டோரொட்டேஷன் மட்டும் செய்வோம். நானும் இன்னொரு பயிற்றுநரிடம் அதையேதான் செய்துகொள்கிறேன்.